கறுப்பியைக் காய்ச்சியவள்

பார்சல் வந்த அன்றே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். பெரியவள் அதைச் செய்யவில்லை.

பீர் போட்டியில் கறுப்பிக்கு முதல் பரிசு என்று போன வாரம் போன் வந்ததும், குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து வேலையைப் பார்த்தவள் அவள். பரிசுப் பலகை கூரியரில் வந்தபோது தொட்டிக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அங்க வெச்சுட்டுப் போங்க, அப்புறம் பாக்கறேன்" என்றாள்.

அந்த 'அப்புறம்' இன்றைக்குக் காலை பத்து மணிக்கு வந்தது.

காலை ஏழு மணியிலிருந்தே அவள் ப்ரூவரியில், பீர் காய்ச்சும் கூடத்தில் இருந்தாள். வறுத்த பார்லியை உடைத்துச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அறுபத்தேழு டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டு, அடியிலிருந்து இனிப்புத் தண்ணீரை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கொதிகலன் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது. இந்த வேலையில் அவசரப்படக் கூடாது. வேகமாக இழுத்தால் தானியம் இறுகி அடைத்துக்கொள்ளும். ஆறு வருஷமாக அவள் கை அந்த வால்வை எவ்வளவு திருப்ப வேண்டுமோ அவ்வளவுதான் திருப்பும்.

தொண்டை வறண்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கலாம் என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, வாடிக்கையாளர்கள் உட்காரும் ஹாலுக்குள் வந்தாள்.

கல்லாவுக்குப் பின்னால், பீர் குழாய்களுக்கு மேலே, நட்ட நடுவில் அந்தப் பலகை தொங்கியது. பித்தளை. நன்றாகத் துடைத்திருந்தார்கள்.

'சிறந்த கறுப்பு பீர்: கறுப்பி. காய்ச்சியவர்:'

அதற்குக் கீழே அவள் தம்பியின் பெயர். இனிஷியலோடு.

பெரியவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கவில்லை.

கறுப்பி என்பது முதலில் பீரின் பெயர் இல்லை. அவளுடைய பெயர். சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். விருந்தாளி வந்தால் அம்மாவே "கறுப்பி, தண்ணி கொண்டா" என்பாள். கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், தான் முதன்முதலில் உருப்படியாகக் காய்ச்சிய பீருக்கு அந்தப் பெயரையே வைத்தாள். வறுத்த வாசனை, நாக்கின் ஓரத்தில் லேசான கசப்பு, விழுங்கிய பிறகு வரும் மெல்லிய இனிப்பு. குடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு "இன்னொண்ணு" என்றார்கள். அந்தச் சொல்லை இத்தனை பேர் மரியாதையோடு கேட்டு வாங்குகிறார்களே என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

இப்போது அவள் பெயரும் சுவரில் இருந்தது. அதைக் காய்ச்சியவன் பெயரும் இருந்தது.

"டேய்!"

ஹாலின் கோடியில் நாற்காலிகளை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்த சின்னவன் திரும்பினான். புதுச் சட்டை. தலைமுடியை யாரிடமோ போய்ச் செதுக்கிக்கொண்டு வந்திருந்தான். பதினோரு மணிக்கு டிவிக்காரர்கள் வருகிறார்கள். அதற்காகத்தான் அத்தனையும்.

"என்னக்கா, காலையிலேயே சத்தம்?"

"இது என்ன?"

"எது?"

"கண்ணு தெரியலையா உனக்கு? இது என்ன?"

சின்னவன் பலகையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே பதில் சொன்னான். "போட்டி ஃபார்ம்ல ஒரே ஒரு பேருக்குத்தான் இடம் இருந்துச்சு. ப்ரூவரி சார்பா ஒருத்தர். வெளிய நிக்கிற முகம் நான்தானேக்கா? பேட்டி, போட்டோ, கஸ்டமர், எல்லாம் நான்தான பாக்கறேன்?"

"ப்ரூவரி சார்பான்னு போடல. காய்ச்சியவர்னு போட்டிருக்கு."

"அது ஒரு வார்த்தைக்கா."

"வார்த்தையா?"

"கோவிச்சுக்காத. உனக்கு இந்த மேடை, மைக் எல்லாம் பிடிக்காது. நீயே சொல்லிருக்க. நான் போய் நின்னா என்ன, நீ போய் நின்னா என்ன? நம்ம வீட்டுக்குத்தான வந்துருக்கு?"

பெரியவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கையில் கிடைத்ததை எடுத்து அந்தப் பித்தளையின் மேல் எறிய வேண்டும் போலிருந்தது. அவள் அதைச் செய்யவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸில் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். பிறகு இன்னொன்றை.

இரண்டையும் ஜோடியாகத் தம்பியின் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்க."

"என்னக்கா இது?"

"கறுப்பிதான் உள்ள ஓடிட்டிருக்கு. பாதி வேலை முடிஞ்சிருக்கு. காய்ச்சியவர் நீதான? போய்க் காய்ச்சு."

"விளையாடாதக்கா. ஒரு மணி நேரத்துல கேமரா வருது."

"நல்லதாப் போச்சு. நல்லா படம் எடுக்கட்டும்."

வெறும் சாக்ஸோடு நடந்து போய், கண்ணாடிச் சுவரை ஒட்டிய மேஜையில் அவள் உட்கார்ந்தாள். உள்ளே நடப்பதெல்லாம் அங்கிருந்து தெரியும். வாடிக்கையாளர்கள் சண்டை போட்டுக்கொண்டு பிடிக்கும் இடம் அது. ஆறு வருஷத்தில் அவள் ஒரு நாளும் அங்கே உட்கார்ந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் அடுக்களைப் பக்கமிருந்து சின்னவன் மனைவி வந்தாள். கையில் மாவு. இந்த ப்ரூவரியின் சாப்பாடெல்லாம் அவள் கைப்பக்குவம். காய்ச்சி முடித்த தானியச் சக்கையைக் காயவைத்து, மாவோடு பிசைந்து அவள் சுடும் ரொட்டிக்காகவே ஒரு கூட்டம் வரும். கோழித்தொடையை வெங்காயத்தோடு கறுப்பியில் நான்கு மணி நேரம் வேகவிட்டு, சாறு தேன் மாதிரி சுண்டும்போது இறக்குவாள். அதற்கு மறுபேச்சே கிடையாது.

"அண்ணி, என்ன இது? அவர் உங்க பூட்ஸ மாட்டிக்கிட்டு நொண்டிட்டிருக்கார். குதிகால் உள்ள போகல."

"எனக்கு ஒரு பிளேட் கோழி. ரெண்டு ரொட்டி. ஒரு பெரிய கிளாஸ் கறுப்பி."

"அண்ணி..."

"கஸ்டமரா வந்திருக்கேன்மா. ஆர்டர் எடுக்க மாட்டியா?"

அவள் பலகையைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். அவள் முகம் சிவந்தது. அது அடுப்பு வெக்கை என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

தட்டு வந்தது. பெரியவள் ரொட்டியைப் பிட்டுச் சாறில் தோய்த்து வாயில் வைத்தாள். கோபத்தில் ருசி தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. எலும்பிலிருந்து கறி தானாக நழுவியது. வெங்காயம் கரைந்து காணாமல் போயிருந்தது. மேலே தூவிய உப்பு பல்லில் படும் நேரத்தில் கறுப்பியின் கசப்பு அதைப் பிடித்துக்கொண்டது. இந்த இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்று அவள் இதுவரை உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்ததே இல்லை. எப்போதும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி நாலு வாய். இத்தனை வருஷம் இதைக்கூட விட்டுவிட்டேனே என்று நினைத்தபோது கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

ஹால் திறந்ததும் முதல் ஆளாக வரும் ரிட்டயர்டு தபால்காரர் அவளைப் பார்த்துத் தயங்கினார். "என்னம்மா, இன்னிக்கு நீ இந்தப் பக்கம் உக்காந்திருக்க?"

"ஒரு மாறுதலுக்குங்க."

"அப்ப உள்ள யாரு?"

"பரிசு வாங்கினவர்."

தபால்காரர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே சின்னவன் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "கடவுளே" என்று சொல்லிவிட்டு அவர் தன் மேஜைக்குப் போனார்.

சரியாகப் பதினோரு மணிக்கு டிவிக்காரர்கள் வந்தார்கள். ஒரு பெண் நிருபர், ஒரு கேமராமேன். கூடவே அம்மாவும் வந்தாள். ப்ரூவரியின் லைசென்ஸ் அம்மா பெயரில்தான். நல்ல துணியாக உடுத்தி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவள், மேஜையில் உட்கார்ந்து எலும்பைச் சூப்பிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"இங்க என்னடி பண்ற?"

"சாப்பிடறேன்."

"வேலை நேரத்துலயா?"

"எனக்கென்னம்மா வேலை? நான் காய்ச்சறவ இல்லியே."

அம்மா வாயை இறுக்கிக்கொண்டு நிருபரின் பின்னால் போய்விட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேட்டி தொடங்கியது. ஹாலில் உள்ளவர்களும் கேட்கட்டும் என்று சின்னவன் ஸ்பீக்கரை வேறு போட்டுவிட்டிருந்தான். அவன் குரல் கூரையிலிருந்து கொட்டியது. நன்றாகப் பேசுவான். அதில் குறை சொல்ல முடியாது. கஷ்டப்பட்ட கதை, தோற்ற கதை, விடிய விடிய முயற்சி செய்த கதை. எல்லாம் உண்மைதான். ஆள் மட்டும் வேறு.

"இந்தக் கறுப்பி சாஸ்ல வேகவெச்ச கோழி ரொம்பப் பிரபலமாமே? பீர சமையல்ல சேர்க்கிற ஐடியா எப்படி வந்தது?" என்று நிருபர் கேட்டாள்.

"அது ஒரு நாள் சும்மா யோசிச்சிட்டிருந்தேன்" என்றது சின்னவன் குரல். "பீர் இருக்கு, கோழி இருக்கு. ஏன் ரெண்டையும் சேர்க்கக் கூடாது? அடுப்படில சொன்னேன். செஞ்சு பாத்தாங்க. பிடிச்சுது."

ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவே சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியே சின்னவன் மனைவியின் முகம் தெரிந்தது. கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்தச் சாறு சரியாக வருவதற்குப் பதினெட்டு முறை செய்து கொட்டியவள் அவள். பத்தாவது முறையில் கைமணிக்கட்டில் சுட்டுக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். நான்கு 'டக்' சத்தம் கேட்டது. பிறகு ஜன்னலின் ஷட்டரைப் பிடித்து ஒரே இழுப்பில் கீழே இறக்கினாள்.

ஹாலில் பத்துப் பன்னிரண்டு மேஜையிலிருந்தும் தலைகள் திரும்பின.

"சாப்பாடு இல்லியா?" என்றார் ஒருவர்.

"ஐடியா கொடுத்தவர்கிட்ட கேளுங்க!" ஷட்டருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

தபால்காரர் தன் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டார்.

பெரியவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அவள் கண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

தம்பி வால்வை முழுசாகத் திறந்து, எதிர்பார்த்தபடியே தானியத்தை இறுக்கி அடைத்துவிட்டிருந்தான். சொட்டுக்கூட இறங்கவில்லை. கேமராவுக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? அடைத்த தொட்டியை விட்டுவிட்டுக் கொதிகலனுக்குத் தாவிவிட்டான். நீராவியை முழுசாகத் திறந்துவிட்டிருந்தான். கொதிகலனில் ஏற்கெனவே அவள் இறக்கி வைத்த இனிப்புத் தண்ணீர் கழுத்துவரை இருந்தது. நிருபரும் கேமராமேனும் அவனோடு இரும்பு மேடையில், கொதிகலனின் வாய்க்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தார்கள்.

"இப்ப என்ன சேர்க்கப் போறீங்க?"

"ஹாப்ஸ். கசப்பும் வாசனையும் கொடுக்கிற பூ. இதான் பீரோட உயிர்."

அவன் கையில் ஒரு வாளி நிறையப் பச்சைத் துகள்கள். கொதி எழும்பும் நேரத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நுரை பொங்கி எழுந்துவிடும். முதல் வருஷத்திலேயே தெரிந்துகொண்ட பாடம். அவளுடைய முதல் வருஷத்தில்.

நாற்காலி பின்னால் விழ அவள் எழுந்தாள்.

"டேய், கொட்டாத!"

கண்ணாடி தடிமன். உள்ளே கேட்கவில்லை. அவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி வாளியைக் கவிழ்த்தான்.

பெரியவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஈரத் தரையில் சாக்ஸ் வழுக்கியது. கொதிகலனின் வாயிலிருந்து பழுப்பு நுரை ஒரு தலை எட்டிப்பார்ப்பது மாதிரி எழுந்தது. கேமராமேன் அதைப் பார்க்கவில்லை. சின்னவனின் முகத்தைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் மூன்று படி ஏறி, கேமராமேனின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். நிருபர் தானே குதித்தாள். சின்னவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றுவிட்டான். அவனைத் தாண்டிக் கையை நீட்டி, நீராவி வால்வைத் திருப்பி அடைத்தாள்.

அதற்குள் நுரை வழிந்துவிட்டது. மேடையின் ஓட்டைகள் வழியே, படிகளின் வழியே இறங்கி வந்தது. சின்னவன் பூட்ஸ் போட்டிருந்தான்.

அவள் போடவில்லை.

கத்தினாளா என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. சர்க்கரைத் தண்ணீர் வெறும் சுடுதண்ணீர் மாதிரி இல்லை, ஒட்டிக்கொள்ளும். அவளைக் கீழே உட்காரவைத்து, குழாயைத் திறந்து வலது காலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்தது சின்னவன் மனைவிதான். அவள் எப்போது ஓடி வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அடுக்களைக் கத்தரிக்கோலால் சாக்ஸை வெட்டி, ஒட்டாத இடம் வரைக்கும் எடுத்தாள்.

"கைய எடுங்க, நீங்க தொடாதீங்க" என்று புருஷனைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

நிருபர் தரையிலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். பெரியவளைப் பார்த்தாள், வால்வைப் பார்த்தாள், சின்னவனைப் பார்த்தாள். கேமராவின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம். உண்மையில இங்க யார் பீர் காய்ச்சறது?"

சின்னவன் வாயைத் திறந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. என்ன சொல்லியிருப்பானோ தெரியாது. அவன் சொல்வதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"என் மகன்தான். அவ உதவிக்கு இருக்கா."

அம்மா. கைப்பையை மார்போடு அணைத்தபடி, தரையில் ஓடிய பழுப்புத் தண்ணீர் செருப்பில் படாமல் ஒதுங்கி நின்றாள்.

நிருபர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவங்க பயந்து போயிருக்காங்க, ஹால்ல உக்காரட்டும்" என்று நிருபரையும் கேமராமேனையும் வெளியே அனுப்பினாள். ஸ்பீக்கரை அணைத்தாள். கதவைச் சாத்தினாள். வீட்டில் விருந்தாளிகளை அனுப்பிவிட்டு வந்து உட்காருவாளே, அதே நிதானம்.

"ஃபார்ம எழுதினது யாரு?" என்றாள் பெரியவள்.

"நான்தான் எழுதினேன்."

"அம்மா, வேண்டாம்..." என்றான் சின்னவன்.

"நீ சும்மா இரு. கேக்கறால்ல, சொல்றேன்." அம்மா மகளைப் பார்த்தாள். "உனக்குக் கை இருக்கு. எந்த ஊர்ல கொண்டு போய் விட்டாலும் காய்ச்சிக் காட்டுவ. இவனுக்கு என்ன இருக்கு? பேச்சு இருக்கு. சிரிப்பு இருக்கு. நாளைக்கு நீ கோவிச்சுக்கிட்டுப் போனா இவன் கதி என்ன? ஒரு பேராவது இருக்கட்டும்னுதான் போட்டேன். அதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

சின்னவன் மனைவி குழாயை அடைத்துவிட்டு, கார் சாவியை எடுக்கப் பின்பக்கம் போனாள்.

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் அடித்த மாதிரி நின்றான். அவளிடம் சொன்னது அவனைத்தான் நேராகப் போய்க் குத்தியிருந்தது. ஒரு கணம் அவளுக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் வந்ததற்காகவே இன்னும் ஆத்திரம் பொங்கியது.

"எனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா?" என்றான் சின்னவன். "ஆறு வருஷமா இந்த ஹால நிரப்பினது யாரு? அதுக்கு என் பேரப் போட்டிருந்தா நான் தலை நிமிந்து நின்னிருப்பேன். இன்னொருத்தி வேலைக்குப் போட்டு என்னையும் திருடனாக்கிட்ட."

"நீயும் வேண்டாம்னு சொல்லலையேடா" என்றாள் பெரியவள். "பலகைய மாட்டினது யாரு? ஆணி அடிச்சது யாரு?"

அவன் திரும்பி, கண்ணாடி வழியே பலகையைப் பார்த்தான்.

அவள் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் குளிர் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அடியில் வெண்ணெய் மாதிரிப் படிந்த ஈஸ்ட். பீரைப் புளிக்கவைப்பது அதுதான். ஆறு வருஷமாக அவள் வளர்த்து, ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் கொஞ்சம் எடுத்து வைத்து, கெட்டுப்போகாமல் காப்பாற்றி வைத்தது. இதில்லாமல் வேறு பீர் காய்ச்சலாம். கறுப்பியைக் காய்ச்ச முடியாது.

"எந்த ஊர்ல விட்டாலும் காய்ச்சுவேன்னு சொன்னல்ல? சரிம்மா."

"ஜாடிய வெச்சுட்டுப் போ. அது ப்ரூவரியோடது."

"பரிசு அவனோடது. ப்ரூவரி உன்னோடது. கறுப்பி என்னோடது. நீதான அந்தப் பேர எனக்கு வெச்ச?"

அம்மா கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கதவுக்குக் குறுக்கே நின்றிருந்த சின்னவன் ஒதுங்கி வழி விட்டான். அவளைத் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை.

பின்பக்கம் வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. சின்னவன் மனைவி ஏற்கெனவே காரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. பின் சீட்டில் ஒரு வாளி நிறைய ஐஸ்.

"ஏறுங்க அண்ணி. ஜாடிய அதுல வைங்க. முதல்ல ஆஸ்பத்திரி."

"அடுக்களை?"

"மூடியாச்சு."

கார் தெருவுக்கு வந்தது. பெரியவள் காலை நீட்டி ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டாள். சிக்னலில் நின்றபோது சின்னவன் மனைவியின் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு அணைத்தாள். இன்னொரு முறை அடித்தது. அதையும் அணைத்தாள்.

"நீயாவது என் பக்கம் இருக்கியே" என்றாள் பெரியவள். "அது போதும்மா எனக்கு."

பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அண்ணி, அந்த ஃபார்ம் ரெண்டு பக்கம்."

"என்ன?"

"ரெண்டாவது பக்கத்துல ஒரு கேள்வி. இந்த பீர உருவாக்கினதுல வேற யாருக்காவது பங்கு உண்டான்னு. இல்லைன்னு எழுதி, கீழ உங்க கையெழுத்து இருக்கு."

"நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே."

"தெரியும்."

ஹாரன் சத்தம் நீண்டது. சின்னவன் மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

"அத்தை பேனாவக் கொடுத்தாங்க. அண்ணிக்கு எல்லாம் தெரியும், அவ கை ஈரமா இருக்கு, நீயே போட்டுடுன்னாங்க. போட்டேன்." அவள் மூச்சை இழுத்தாள். "நம்பித்தான் போட்டேன்னு சொல்ல மாட்டேன். நம்பின மாதிரி இருந்துக்கிட்டேன்."

பெரியவளின் கை கதவின் பிடிக்குப் போனது. இழுத்தாள். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. வெளியே கொதிக்கும் தார்ச்சாலை. அவள் காலில் செருப்பு இல்லை. ஒரு கால் ஊன்றவே முடியாது. பின் சீட்டில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

கதவை ஓங்கி அறைந்து சாத்தினாள். கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவள் உடம்பு தூக்கிப்போட்டது.

"ஓட்டு" என்றாள் பெரியவள்.

"அண்ணி..."

"ஓட்டுன்னு சொன்னேன்ல? ஓட்டிக்கிட்டே முதல்லருந்து சொல்லு. யார் என்ன சொன்னாங்க, நீ என்ன கேட்ட, எந்தப் பேனா, எந்த மேஜை. ஒரு வார்த்தை விட்ட, அடுத்த சிக்னல்ல நான் ஒத்தக் கால்லயே இறங்கிப் போயிடுவேன்."

வண்டி நகர்ந்தது. சின்னவன் மனைவி சொல்லத் தொடங்கினாள்.